ஸ்பிரிங்கை வெட்டுறதுக்கு முதல் ஒரு நிமிஷம், மகன்



இது கொஞ்சம் நீளமான பதிவு. கார் விஷயத்தில் ஆர்வம் இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் வீட்டில் இருபது வயசுப் பொடியனும் வாசலில் ஒரு வாகனமும் இருந்தால் வாசித்துவிட்டே போங்க.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்தேன். வாசலில் ஒரு வெள்ளை ஹொண்டா சீஆர்-இசட் நின்றது. பக்கத்தில் என் பழைய மாணவன் ஒருவன். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்தவன், கட்டாரில் நாலு வருஷம் உழைத்துவிட்டு வந்திருக்கிறான். கார் 2011 மாடல். அந்தக் காலத்தில் ஹைப்ரிட் வாகனங்களுக்கு வரிச் சலுகை இருந்ததால் இலங்கைக்கு நிறைய சீஆர்-இசட் வந்தது ஞாபகம் இருக்கும். எங்கட நாட்டில் ஒரு சாதாரண மனிதன் கையில் எட்டக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இன்றைக்கும் அதுதான் முதலில் வரும். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். திறந்த பிறகும் புது வாகன விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அதனால் பழைய கார்களே கை மாறிக் கை மாறி ஓடுகின்றன.

"சேர், ஒரு விஷயம் கேக்கணும். முன் ஷொக் ரெண்டும் ஒயில் கசியுது. மாத்தணும். கூட்டாளிமார் கோயில்ஓவர் போடச் சொல்றாங்க. ஏப்ரல் சீசனுக்கு முதல் காரை நல்லா எறக்கிடணும்."

"எவ்வளவு முடியும்?"

சொன்னான். என் மூன்று, நாலு மாதச் சம்பளம். காசு எங்கிருந்து என்று கேட்டேன். முதலில் பேசவில்லை. பிறகு, "அம்மாட சங்கிலி இருக்கு சேர், ஈடு வைக்கலாம்" என்றான். அது சரிவராவிட்டால் இருக்கிற ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்று வெட்டிவிடலாம், அதற்குச் செலவே இல்லை என்று ஒரு கராஜில் சொல்லியிருக்கிறார்களாம்.

நான் மெக்கானிக் இல்லை, விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். ஆனால் இந்த மலையில் இருபது வருஷத்துக்கு மேல் வாகனம் ஓட்டுகிறேன், சொந்தக் காசில் பிழையும் விட்டிருக்கிறேன். அவனுக்கு நான் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். கார் இறக்குகிற பொடியன்மார் இந்த ஒருவன் மட்டும் இல்லையே.

முதலில் அடிப்படை. காரின் பாரத்தைத் தாங்குவது ஷொக் எப்சோபர் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங்குக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரு தரம் அமுக்கினால் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தைப் பிடித்து அடக்குவதுதான் ஷொக்கின் வேலை. உள்ளே ஒயில், அதற்குள் சின்னச் சின்ன ஓட்டைகளும் வால்வும் உள்ள ஒரு பிஸ்டன். சில்லு மேலே கீழே போகும்போது ஒயில் அந்த ஓட்டைகளால் கஷ்டப்பட்டு நுழைந்து போகிறது. அசைவின் சக்தி வெப்பமாக மாறுகிறது. இறக்கத்தில் மேடு பள்ளமான ரோட்டில் ஓடி வந்து ஷொக்கைத் தொட்டுப் பார்த்தால் சூடு தெரியும்.

இது சொகுசுக்கான சாமான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். டயர் ரோட்டில் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் வேலை செய்யும். ஷொக் செத்த காரில் சில்லு ரோட்டில் உருளாது, துள்ளும். துள்ளும் ஒவ்வொரு தரமும் அந்தக் கணத்துக்கு உங்களுக்குப் பிரேக் இல்லை. கொழும்பில் நேர் ரோட்டில் அது ஒரு சத்தம் மட்டும். நானுஓயா இறக்கத்தில், மழையில், பஸ்காரன் டீசல் சிந்திவிட்டுப் போன முடக்கில் அது வேறு விஷயம்.

இனி ஸ்பிரிங் வெட்டுகிற கதை. இதை வகுப்பில் கணக்காகவே கொடுக்கலாம். ஆறு சுற்று வேலை செய்கிற ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் ஐந்து. சுற்றுக் குறையக் குறைய ஸ்பிரிங் இறுகும். ஆறை ஐந்தால் பிரித்தால் 1.2, அதாவது 20 சதவீதம் இறுக்கம். ஷொக் பழைய ஷொக்தான். இறுகிய ஸ்பிரிங்கை அடக்க அதனால் முன்பு போல் முடியாது. ஏற்கெனவே ஒயில் கசிகிற ஷொக் என்றால் சொல்லவே வேண்டாம்.

அதைவிடப் பெரிய பிரச்சினை இடம். கார் நிற்கிற நிலையிலிருந்து சில்லு மேலே போக ஒரு அளவு இடம்தான் இருக்கிறது. உதாரணத்துக்கு எட்டு சென்ரிமீட்டர் என்று வையுங்கள். நீங்கள் நாலு இறக்கினால் மிச்சம் நாலு. எங்கட தோட்ட ரோட்டுக் குழியில் அந்த நாலும் ஒரே அடியில் முடிந்து பம்ப் ஸ்டொப்பில் போய் இடிக்கும். இடித்த அந்தக் கணத்தில் காருக்கு சஸ்பென்ஷனே இல்லை. முடக்கில் திருப்பும்போது வெளிப்பக்கச் சில்லு அப்படி இடித்தால் என்ன நடக்கும்? பிடிமானம் திடீரென்று போகும். காரின் மூக்கு எந்தப் பக்கம் போகும் என்பது உங்கள் கையில் இருக்காது. அதோடு வெட்டிய ஸ்பிரிங்கின் நுனி அதன் இருக்கையில் சரியாக உட்காராது. ஜாக் வைத்துத் தூக்கும்போது சில நேரம் கழன்று ஆடும். நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

"வெட்ட மாட்டேன் சேர். கோயில்ஓவர் நல்லம்தானே?"

கோயில்ஓவர் கெட்ட சாமான் என்று நான் சொல்ல மாட்டேன். ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தி ஒரே செட்டாக வருகிறது, உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம், நல்ல செட்டில் இறுக்கத்தையும் மாற்றலாம். டெயின் போன்ற யப்பான் கம்பனிகள் சீஆர்-இசட்டுக்கென்றே செய்தார்கள். நல்ல சாமான்தான். எந்த ரோட்டுக்கு என்பதுதான் கேள்வி.

மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியை எடுங்கள். 1934இல் தொடங்கியது. ஆசியாவின் மிகப் பழைய மோட்டார் போட்டிகளில் ஒன்று, எங்கட நுவரெலியாவில், தேயிலைக்கு நடுவில். அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைமார் ஓட்டிய கார்களில் இன்றைய ஷொக் இல்லை. பெரும்பாலும் உராய்வுத் தட்டுகள்தான், கத்தரிக்கோல் மாதிரி இரண்டு கையும் நடுவில் ஒரு நட்டும். நட்டை இறுக்கினால் இறுக்கம், தளர்த்தினால் தளர்வு. (பிறகு வந்த மொரிஸ் மைனரில் கை வைத்த ஷொக். ஒயில் குறைந்தால் மூடியைத் திறந்து ஊற்ற வேண்டும். அதைச் செய்த பெரியவர்கள் எங்கட பகுதியில் இன்னும் இருக்கிறார்கள். ஷொக் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது இன்று யூடியூப் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.) அந்தப் போட்டியில் ரோட்டை மூடிவிட்டு ஒவ்வொரு காராக நேரம் பார்த்து விடுவார்கள். எதிரே பஸ் வராது, மாடு வராது. ஓட்டுகிறவனுக்கு ஹெல்மட் இருக்கும். அவன் அந்த ஒரு ஏற்றத்துக்கு மட்டும் ஷொக்கைச் சரிபண்ணுகிறான். அதற்கு இறுக்கமான கோயில்ஓவர் சரி. ஓடி முடிந்ததும் காரை லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவான்.

என் மாணவனின் கார் என்ன செய்யும்? காலையில் தோட்டத்து ரோட்டில் இறங்கும். பாதி கொங்கிரீட், பாதி கல். இடையில் தண்ணீர் ஓடும் போக்கு. பிறகு ஹட்டன் டவுன். சில நாள் தலவாக்கலை, சில நாள் அம்மாவை ஏற்றிக்கொண்டு நுவரெலியா ஆஸ்பத்திரி கிளினிக். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மண் சரிந்து எங்கட ரோடுகள் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். ஒட்டுப்போட்ட இடமும், தார் உடைந்த ஓரமும், திடீரென்று வருகிற சரளைக் கல்லும் இன்னும் இருக்கின்றன. இந்த ரோட்டில் இறுக்கமான ஷொக் போட்டால் கார் ரோட்டைத் தொட்டுத் தொட்டுத் தாவும். இறுக்கம் என்றால் பிடிமானம் என்று நினைப்பது கண்ணாடி மாதிரி வழவழப்பான ட்ரக்குக்குப் பொருந்தும். குழி ரோட்டில் சில்லு குழிக்குள் இறங்கி ஏற விட்டுக்கொடுக்கிற ஷொக்தான் பிடிமானம் தரும். உலகத்தில் கரடுமுரடான ரோட்டில் ஓடுகிற ரலி கார்களைப் பாருங்கள். உயரமாக நிற்கும், சில்லு நீண்ட தூரம் மேலே கீழே போகும். வேகமான கார்தானே அதுவும்?

இங்கே ஷொக்கின் வகையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் இதைத்தான் குழப்புவார்கள். ஒற்றைக் குழாய், இரட்டைக் குழாய் என்று இரண்டு வகை. ஒற்றைக் குழாயில் பிஸ்டன் வெளிக் குழாயிலேயே ஓடும். கீழே தனி அறையில் நைட்ரஜன் வாயு, 20 பாருக்கு மேல் அழுத்தத்தில். பில்ஸ்டைன் கம்பனி 1950களிலேயே மெர்சிடிஸ் காருக்கு இந்த வகையைக் கொடுத்தது. சூடு சீக்கிரம் வெளியேறும், நீண்ட இறக்கத்திலும் சோர்ந்து போகாது. நல்ல குணம். ஆனால் வெளியில் ஒரு கல் பட்டுக் குழாய் நசுங்கினால் பிஸ்டன் அந்த இடத்தில் சிக்கும், ஷொக் முடிந்தது. இரட்டைக் குழாயில் பிஸ்டன் உள்ளுக்குள் இன்னொரு குழாயில் ஓடுகிறது. வெளிக் குழாய் கொஞ்சம் நசுங்கினாலும் வேலை செய்யும். வாயு அழுத்தமும் குறைவு என்பதால் சின்ன மேடு பள்ளத்தில் மென்மை. சரளைக் கல் தெறிக்கிற எங்கட ரோட்டுக்கு, தினசரிப் பாவனைக்கு, நான் வாயு நிரப்பிய இரட்டைக் குழாயைத்தான் எடுப்பேன். கேவைபி, மொன்ரோ போன்றவர்கள் கார் வரும்போது இருந்த இறுக்கத்துக்குக் கிட்டவாக, அல்லது அதைவிடக் கொஞ்சம் கூட, இந்த வகையில் செய்கிறார்கள். கொனியில் இறுக்கத்தை மாற்றும் வகை உண்டு, காசு இருப்பவர்கள் பார்க்கலாம்.

கோயில்ஓவரில் இன்னொரு விஷயம் வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. உயரத்தை மாற்றுகிற அந்தப் புரி, மழையும் சேறும் பட்டால் துருப்பிடித்து இறுகிவிடும். வருஷத்தில் பாதி நாள் மழையும் மிச்ச நாள் பனிமூட்டமும் இருக்கிற இடத்தில், கழுவி கிரீஸ் போட்டுப் பராமரிக்காவிட்டால் இரண்டு வருஷத்தில் அதைத் திருப்பச் சுத்தியல்தான் வேண்டும். சில செட்டுகளில் மேலே ரப்பர் மவுண்டுக்குப் பதில் இரும்புக் குண்டு இருக்கும், பிலோ போல் என்பார்கள். ட்ரக்குக்கு அருமை. தோட்ட ரோட்டில் ஒவ்வொரு கல்லுக்கும் டக் டக் என்று அம்மாவின் முதுகெலும்பில் கேட்கும்.

இப்போது என் சொந்தக் கதை. சில வருஷத்துக்கு முதல் என் காருக்கு ஷொக் வேண்டியிருந்தது. புதுசு வாங்கக் காசு இல்லை. கொழும்பில் ஒரு கடையில், யப்பானில் கழற்றிய ஷொக் என்று நாலும் தந்தார்கள். பெயின்ட் பளபளப்பு. பார்த்தால் புதுசு. மூன்று மாதம் கழித்து ஒரு மழை நாள் கினிகத்தேனையிலிருந்து ஏறி வருகிறேன். பின்னால் என் இரண்டு பிள்ளைகள். ஒரு முடக்கில் ரோட்டின் நடுவில் தார் எழும்பியிருந்தது. பின்பக்கம் ஒரு துள்ளுத் துள்ளி அரை மீட்டர் வெளியே தள்ளிப் போனது. அல்ஹம்துலில்லாஹ், அந்த நேரம் எதிரே ஒன்றும் வரவில்லை. அடுத்த நாள் ஹட்டனில் கழற்றிப் பார்த்தால், குழாயை வெட்டி ஏதோ ஒயில் ஊற்றித் திரும்ப வெல்டிங் அடித்து பெயின்ட் பூசியிருக்கிறார்கள். வாயு இல்லை. கையால் அமுக்கினால் தன்பாட்டில் போகிறது, திரும்பி வரவில்லை. கடைக்காரரைக் குறை சொல்லி என்ன, விலையைப் பார்த்து வாங்கியது நான்.

அதனால் பாவித்த ஷொக் வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எஞ்சின், கியர்பொக்ஸ் பாவித்தது வாங்கலாம். கதவு வாங்கலாம். ஷொக், பிரேக் பாட், டயர் மூன்றும் தேய்ந்து போவதற்காகவே செய்யப்பட்டவை. யப்பான்காரன் தேய்த்துவிட்டு எறிந்ததை நாம் பெயின்டுக்குக் காசு கொடுத்து வாங்குகிறோம். புதுசிலும் கவனம் வேண்டும். பெட்டியில் பெரிய பெயர் இருந்தால் மட்டும் போதாது, பார்ட் நம்பர் உங்கள் காருக்கு உரியதா என்று கம்பனியின் பட்டியலில் பாருங்கள். சீஆர்-இசட்டும் ஃபிட்டும் சொந்தக்காரர்தான், ஆனால் ஃபிட் ஷொக் பூட்டுப்பட்டுவிட்டது என்பதற்காக அது பொருத்தம் ஆகாது. சீஆர்-இசட்டுக்குப் பின்னால் ஹைப்ரிட் பட்டரி இருக்கிறது, பாரம் வேறு.

சரி, என் மாணவனுக்கு என்ன சொன்னேன்? கோயில்ஓவர் காசில் கிட்டத்தட்டப் பாதியில், நாலு பக்கமும் புது இரட்டைக் குழாய் வாயு ஷொக் வாங்கலாம். முன்பக்கம் இரண்டு மட்டும் மாற்றி, பதினைந்து வருஷப் பழைய பின் ஷொக்கை விட்டுவைக்க வேண்டாம். முன்னுக்கு ஸ்ட்ரட் என்பதால் எப்படியும் ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றத்தான் வேண்டும். அந்த வேலையோடு டொப் மவுண்ட், பெயாரிங், பம்ப் ஸ்டொப், தூசி மறைக்கும் பூட் எல்லாவற்றையும் மாற்று. இதை மிச்சம் பிடிக்கிறவர்கள் ஆறு மாதத்தில் திரும்பக் கூலி கொடுக்கிறார்கள். ஸ்பிரிங் அமுக்குகிற கருவி சரியாக இல்லாத கராஜில் இந்த வேலையைச் செய்யாதே, கயிறு கட்டிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அது வெடிகுண்டு மாதிரி. புஷ் எல்லாவற்றையும் பார். கடைசியில் அலைன்மென்ட். மிச்சக் காசில் நாலு நல்ல டயர். இதுதான் அந்தக் காரை இந்த மலையில் உண்மையிலேயே வேகமாக்கும்.

அவன் முகம் வாடிப் போனது. எனக்கும் விளங்குகிறது. இறக்கிய கார் பார்க்க அழகு, அதை நான் மறுக்கவில்லை. தோட்டத்தில் லயத்து வாசலில் நாலு வருஷ உழைப்பு நிற்கிறது. அது சும்மா நிற்காமல் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி நிற்க வேண்டும் என்று ஒரு பொடியன் ஆசைப்படுவதில் என்ன பிழை? நம் பெரியவர்கள் பலர் இந்தப் பிள்ளைகளைக் கண்டதும் "காசை அழிக்கிறான்" என்று தொடங்கிவிடுகிறார்கள். அப்படிச் சொன்னால் அவன் அடுத்த தரம் நம்மிடம் கேட்க மாட்டான், ஸ்பிரிங் வெட்டச் சொன்ன கராஜுக்குத்தான் போவான். கேட்டு வந்தானே, அதுவே பெரிய விஷயம்.

போட்டி ஆசை இருக்கிறவனுக்கும் இடம் இருக்கிறது. மஹகஸ்தோட்டை இருக்கிறது, றதல்ல இருக்கிறது. மினி, நிசான் மார்ச் போன்ற சின்னக் கார்களுக்கும் இந்த நாட்டில் தனிப் பிரிவுகள் உண்டு. அங்கே போய்ப் பாருங்கள், ஓட்டுங்கள். ஆனால் அங்கேயும் பாதுகாப்பு முந்த வேண்டும். 2024 ஏப்ரல் 21 தியத்தலாவை பொக்ஸ் ஹில்லில் ட்ரக்கை விட்டு விலகிய கார் சனத்துக்குள் போய் ஏழு பேர் இறந்தார்கள், ஒரு சின்னப் பிள்ளையும் அதில். போட்டிக்கென்று மூடிய இடத்திலேயே அப்படி என்றால், ஸ்கூல் வான் வருகிற ஹட்டன் – நுவரெலியா ரோட்டை ட்ரக்காக நினைக்கிறவனை என்ன சொல்ல? சீசன் நாளில் இரவு டெவன் அருவிப் பக்கம் கேட்கிற சைலன்சர் சத்தம் எனக்கு வீட்டிலேயே ஞாபகம் வரும். அதில் ஒன்றாவது என் வகுப்பில் இருந்த பிள்ளையாக இருக்கும்.

மாற்றம் செய்த வாகனம் விபத்தில் சிக்கினால் காப்புறுதிக்காரர் என்ன சொல்வார் என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை இரவு அவனிடமிருந்து மெசேஜ் வந்தது. "அம்மாகிட்ட சங்கிலிய திருப்பிக் குடுத்துட்டேன் சேர். நாலு ஷொக்கும் சொல்லிட்டேன். ஆனா கம்பனி ஸ்பிரிங்ல ரெண்டு சென்ரிமீட்டர் எறங்குற செட் ஒண்ணு இருக்கு, அது மட்டும் போடவா?"

அந்த ஷொக்குக்குப் பொருத்தம் என்று ஸ்பிரிங் செய்தவனே சொல்லியிருந்தால் இரண்டு சென்ரிமீட்டரில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. தோட்டத்துப் போக்கில் அடி தட்டினால் திரும்ப உயர்த்த வேண்டும் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை பூட்டுகிறார்கள், இன்ஷா அல்லாஹ் நானும் போவேன். டொப் மவுண்ட் இரண்டும் இன்னும் கொழும்பிலிருந்து வந்து சேரவில்லை.